ஆல்ப்ஸ் கணவாய்கள் வழியாக ஏழு நாள் மோட்டார் சைக்கிள் பயணம்: வழித்தடம் குறித்து ஆலோசனை தேவை

கொல்லிமலைப் பயணி:

வணக்கம். வரும் ஆண்டில் நானும் என் மனைவியும் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் கணவாய்ச் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் பயணம் செய்ய எண்ணியிருக்கிறோம். மியூனிக் நகரில் வண்டியை வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுப்போம். சாலையில் செலவிட எங்களுக்கு ஏழு நாள்கள் கிடைக்கும். கொல்லிமலைக்கு ஏறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறைச் சாலையிலும் இருவரும் ஒரே வண்டியில் சென்று வந்த பழக்கம் உண்டு. ஐரோப்பாவில் இதுவரை வண்டி ஓட்டியதில்லை.

நான் வரைந்திருக்கும் வழி இது. மியூனிக்கிலிருந்து ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் உயர்மலைச் சாலை, பிறகு இத்தாலியின் டோலமைட் மலைகள், ஸ்டெல்வியோ கணவாய், சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா, அங்கிருந்து பிரான்சுக்குள் நுழைந்து ஈசரான், கலிபியே, பொனெட் ஆகிய கணவாய்களைக் கடந்து நீஸ் கடற்கரை. கடைசி நாள் விரைவுச்சாலை வழியாக மீண்டும் மியூனிக். மொத்தம் சுமார் 2,400 கி.மீ. வருகிறது. நாளுக்கு 350 கி.மீ.க்குள் அடங்குவதால் இது மிதமான அளவு என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சாலைகளை நன்கு அறிந்தவர்கள் இது நடக்கக்கூடியதா, எந்தப் பகுதியை விடலாம், எந்த மாதம் ஏற்றது என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

சூரிச் வாசி:

வணக்கம். சுவிஸில் வசிப்பவன் என்பதால் கோடைகாலத்தில் இந்தக் கணவாய்களில் அடிக்கடி ஓடுகிறேன். நீங்கள் தெரிவு செய்திருக்கும் இடங்களில் ஒன்றையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவை அனைத்தையும் ஏழு நாளுக்குள் அடக்கினால் எந்த இடத்திலும் இறங்கி நின்று பார்க்க உங்களுக்கு நேரம் இராது.

கிலோமீற்றரை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். கணவாய்ச் சாலையில் முன்னால் ஒரு பஸ்ஸோ சைக்கிள் ஓட்டிகளின் குழுவோ செல்லும்போதும், திருத்தவேலைக்காக ஒருவழி விளக்கில் காத்து நிற்கும்போதும், சராசரி வேகம் மணிக்கு 40 முதல் 45 கிலோமீற்றருக்கு மேல் போவதில்லை. சாப்பாடு, பெற்றோல், கணவாயின் உச்சியில் அரை மணி நேரம் ஆகியவற்றையும் சேர்த்தால், 200 கிலோமீற்றர் என்பது காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு மாலை நான்கு அல்லது ஐந்து மணிக்குப் போய்ச் சேரும் ஒரு முழு நாள். 350 கிலோமீற்றர் என்றால் இருட்டும் வரை ஓட வேண்டியிருக்கும், அதுவும் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு.

ஆகவே பிரான்ஸ் பகுதியை முழுமையாக விடுங்கள். ஈசரான் 2,764 மீற்றர் உயரமானது. 1937இல் திறக்கப்பட்ட அந்தச் சாலையே ஆல்ப்ஸில் தார் போடப்பட்ட கணவாய்களுள் மிக உயர்ந்தது. பொனெட் கணவாய் அதைவிடச் சற்றுத் தாழ்ந்ததாயினும், அதன் மேலே சிகரத்தைச் சுற்றிவரும் சாலை 2,802 மீற்றரைத் தொடுகிறது. இவற்றையெல்லாம் இணைத்து, ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள தொனோன் நகரிலிருந்து தெற்கே நீஸ் வரை ஏறத்தாழ 720 கிலோமீற்றர் நீளும் ஆல்ப்ஸ் பெருவழி தனக்கென்றே ஒரு வாரத்தைக் கேட்கும் பயணம். அதை இன்னொரு ஆண்டுக்கு வைத்திருங்கள். அதுவுமன்றி, நீஸிலிருந்து மியூனிக் சுமார் 800 கிலோமீற்றர். உங்கள் ஏழு நாளில் ஒன்றை அந்த விரைவுச்சாலை முழுமையாக விழுங்கிவிடும்.

இரண்டாவதாக, ஒவ்வோர் இரவும் புதிய ஊரில் தங்குவதைத் தவிர்த்து, இரண்டு இடங்களிலாவது இரண்டிரண்டு இரவுகள் தங்குமாறு அமையுங்கள். டோலமைட்டில் கொர்வாரா, சுவிஸில் அந்தர்மாட் ஆகிய இரண்டும் இதற்கு மிகப் பொருத்தமானவை. கொர்வாராவிலிருந்து கம்போலோங்கோ, பொர்தோய், செல்லா, கார்தெனா ஆகிய நான்கு கணவாய்களையும் சுற்றி வர 60 கிலோமீற்றர்கூட ஆகாது. அந்தர்மாட்டிலிருந்து சுஸ்டன், கிரிம்செல், ஃபுர்கா மூன்றையும் சுற்றி வர ஏறத்தாழ 120 கிலோமீற்றர். இந்த நாள்களில் பெட்டிகளை அறையில் விட்டுவிட்டு இலேசான வண்டியில் போகலாம். மழை பெய்தால் சுற்றைச் சுருக்கலாம், நண்பகலுக்குப் பின் புறப்படலாம், போகாமலும் இருக்கலாம். புதிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இருக்கும் நாளில்தான் மழையிலும் மூடுபனியிலும் ஏறக்கூடாத கணவாயில் மனிதர்கள் ஏறுகிறார்கள்.

மியூனிக் சாலை:

மேலே சொல்லப்பட்டதை முழுமையாக ஏற்கிறேன். தமிழ்நாட்டில் ஓட்டிப் பழகிவிட்டு இங்கு வந்தவன் என்ற முறையில், வழித்தடத்தைவிட முக்கியமானது என்று நான் கருதும் ஒன்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்கின்றன. அதனால் கொல்லிமலையில் உங்களுக்கு இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவே இறுக்கமானது. வலப்பக்க வளைவு வெளிவட்டத்தில் அகலமாகக் கிடைக்கும். ஆல்ப்ஸில் இது தலைகீழாகிறது. வலப்பக்கம் திரும்பும் வளைவின் உள்வட்டம் உங்களுக்கு வந்து சேரும், அதுவும் ஏற்றத்தில் வரும்போது வளைவின் உட்புறம் மற்ற இடத்தைவிடச் செங்குத்தாக இருக்கும். ஹேண்டிலை வலப்பக்கம் முழுதாகத் திருப்பும்போது ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் இருக்கும் வலக்கை உடலோடு ஒட்டி மடங்குவதால், சீராக முறுக்குவது கடினம். வண்டி நின்றுவிட்டால் சாயும் பக்கமும் வலப்பக்கமே. ஆனால் வலக்காலைத் தரையில் ஊன்றினால் பின் பிரேக்கை மிதிக்க முடியாது. சாலையின் உட்சரிவு காரணமாக அந்தக் காலுக்குத் தரையும் எட்டாமல் போகலாம். பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கும் கனமான வண்டி மெதுவான வேகத்தில் சாய்ந்து விழுவது பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது.

இதற்கான பழக்கம் சில நாள்களில் வந்துவிடக்கூடியதே. வளைவுக்கு முன்பே முதல் கியருக்கோ இரண்டாம் கியருக்கோ இறங்கிவிடுங்கள். வளைவின் நடுவில் கியர் மாற்ற வேண்டாம். உங்கள் தடத்தின் வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, தலையை வலத்தோளுக்கு மேலாகத் திருப்பி வளைவின் முடிவைப் பாருங்கள். முன்சக்கரத்துக்கு எதிரே உள்ள தரையைப் பார்த்தால் வண்டியும் அங்கேயே போகும். பின் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி என்ஜினின் இழுவையைக் குறைக்காமல் வைத்திருந்தால் வண்டி குலுங்காது. எதிரில் பேருந்து வருகிறதா என்று மேலே உள்ள சாலையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான பேருந்துக்கு வளைவு முழுவதும் தேவைப்படும்; அது கடக்கும் வரை நேர்சாலையிலேயே காத்திருப்பதில் எந்த இழப்பும் இல்லை.

இறக்கத்தில் ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும் என்பது நம் மலைச்சாலைகளிலும் உள்ள விதிதான். ஆனால் இங்கு ஒரே இறக்கத்தில் 1,800 மீட்டர் வரை இறங்கவும் நேரிடும். இருவரின் எடையோடு பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் திரவம் கொதிநிலையை நெருங்கி லீவர் மெத்தென்று உள்ளே போகத் தொடங்கும். அந்த அறிகுறி தெரிந்தவுடன் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

தவறான பக்கத்தில் ஓட்டிவிடும் ஆபத்து வளைவுகளில் அதிகம் வருவதில்லை, எதிரில் வரும் வண்டிகளே நினைவூட்டிவிடும். காலையில் விடுதி வாசலிலிருந்து ஆளில்லாத சாலைக்குத் திரும்பும்போதும், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியேறும்போதும்தான் பழைய பழக்கம் தலைதூக்கும். உங்கள் மனைவியிடம் இந்த இரு தருணங்களிலும் "வலப்பக்கம்" என்று உரக்கச் சொல்லும் பொறுப்பை ஒப்படையுங்கள். ஹெல்மெட்டில் பேசும் கருவி இருந்தால் இன்னும் நல்லது.

கொல்லிமலைப் பயணி:

இருவருக்கும் நன்றி. வலப்பக்க வளைவு குறித்து நான் சிந்தித்தே பார்த்ததில்லை. பிரான்ஸ் பகுதியை எடுத்துவிடுகிறேன். ஜூன் இறுதி, செப்டம்பர் முதல் பாதி ஆகிய இரண்டில் எது நல்லது? விசா, உரிமம், காப்பீடு பற்றியும் யாராவது சொல்ல இயலுமா?

சூரிச் வாசி:

இரண்டும் நல்ல காலங்களே, ஆனால் குணம் வேறு. கிராஸ்குளோக்னர் சாலை வழக்கமாக மே மாதத் தொடக்கத்திலேயே திறந்துவிடும். சுஸ்டன், ஃபுர்கா, கிரிம்செல் போன்றவை பனியை வெட்டி அகற்றி முடிய ஜூன் நடுப்பகுதிகூட ஆகும். ஜூன் கடைசியில் வந்தால் சாலையின் இரு மருங்கிலும் பனிச்சுவர்களைப் பார்க்கலாம், பகல் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் நீளும், அருவிகளில் நீர் நிறைந்திருக்கும். அதே காரணத்தால் உருகும் நீர் சாலையின் குறுக்கே ஓடி, தெளிந்த இரவுகளில் உறைந்து, காலையில் நிழல் விழும் வளைவுகளில் வழுக்கும். செப்டம்பரில் சாலைகள் உலர்ந்திருக்கும், நெரிசல் குறையும், கோடை இடியும் ஓய்ந்திருக்கும். பகல் மட்டும் சுருங்கிவிடும். 2,000 மீற்றருக்கு மேல் ஓரிரவில் பனி பெய்து கணவாய் ஓரிரு நாள் மூடப்படுவதும் உண்டு. முதல் முறை வருபவர்களுக்கு நான் செப்டம்பரின் முதல் பாதியையே பரிந்துரைப்பேன்.

எந்த மாதமாயினும் ஆகஸ்ட் வேண்டாம். 15ஆம் தேதியை ஒட்டி இத்தாலி முழுவதுமே விடுமுறையில் இருக்கும்; டோலமைட் சாலைகளில் வாகனங்கள் வரிசையாகவே நகரும். அதேபோல் ஸ்டெல்வியோவை ஒரு வேலைநாளின் காலையில் ஏறுமாறு நாள்களை அமையுங்கள். சனி, ஞாயிறு நண்பகலில் அங்கே ஏறுவது களைப்பைத் தவிர வேறொன்றும் தராது.

உடை குறித்து ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை பாகை குறையும். பொல்சானோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 260 மீற்றர் அளவில் உள்ளது. அங்கே 30 பாகை வெயில் அடிக்கும் அதே நேரத்தில் 2,757 மீற்றர் உயரமான ஸ்டெல்வியோவில் 14 பாகைதான் இருக்கும், அதுவும் காற்றில்லாமல். நனைந்த கையுறையோடு அந்தக் குளிரில் ஓடினால் விரல்கள் மரத்து, கிளட்ச் பிடிப்பது தடுமாறும். இரண்டு சோடி கையுறைகளும், சட்டையின் மேல் அணியும் மழையுடையும், கழுத்துத் துணியும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பெட்டியின் அடியில் அல்ல.

கோவை வழிப்போக்கர்:

ஆவணங்கள் பற்றி நான் சொல்கிறேன். கோவையிலிருந்து இத்தகைய பயணம் சென்று வந்தவன்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கிடைக்கும்; ஓராண்டு வரை செல்லும். அதில் மோட்டார் சைக்கிள் வகைக்கு எதிரே முத்திரை இருக்கிறதா என்று வாங்கும்போதே சரிபாருங்கள். காருக்கு மட்டும் முத்திரையிட்ட அனுமதியைக் கொண்டு வாடகைக் கடையில் மோட்டார் சைக்கிள் பெற முடியாது. மூல ஓட்டுநர் உரிமமும் கையில் இருக்க வேண்டும், அனுமதி மட்டும் போதாது.

ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். ஆகவே தங்குமிடங்களை முடிவு செய்யாமல் விண்ணப்பத்தைத் தொடங்காதீர்கள். கொர்வாராவில் ஓர் இரவு கூடினாலே ஜெர்மனிக்குப் பதிலாக இத்தாலி என்று மாறிவிடலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கால நெரிசலில் நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம் என்பதால் முடிந்தவரை முந்திக்கொள்ளுங்கள்.

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் விசா அலுவலகம் ஏற்கும் காப்பீடு மோட்டார் சைக்கிள் விபத்தையும் ஏற்கும் என்று பொருள் இல்லை. பல திட்டங்களில் இருசக்கர வாகனம் ஓட்டுவது விலக்குகளின் பட்டியலில் இருக்கும்; சிலவற்றில் குறிப்பிட்ட சிசி வரை மட்டுமே செல்லும். 700 சிசிக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் செல்லுமா என்று எழுத்து மூலம் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டர் மீட்பும் அதில் அடங்க வேண்டும், மலையில் அது ஆடம்பரம் அல்ல. ஐரோப்பா முழுவதும் அவசர எண் 112. சுவிட்சர்லாந்தில் ரேகா வான்மீட்பு அமைப்பின் எண் 1414, ஆஸ்திரியாவில் மலை மீட்பு 140. மூன்றையும் இருவரின் தொலைபேசியிலும் பதிந்துவையுங்கள்.

வாடகைக் கடையிடம், வண்டியை ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்துக்குக் கொண்டு செல்ல அனுமதி உண்டா, விபத்தில் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, முன்பணம் கடன் அட்டையில் எவ்வளவு முடக்கப்படும், டயரில் ஆணி ஏறினால் செலவு யாருடையது ஆகியவற்றைக் கேளுங்கள். வண்டியை எடுக்கும்போது பின் சஸ்பென்ஷனை இருவருக்கும் பெட்டிகளுக்கும் ஏற்ப இறுக்கித் தரச் சொல்லுங்கள், டயர் காற்றழுத்தத்தையும் அவ்வாறே.

மியூனிக் சாலை:

நாட்டுக்கு நாடு மாறும் விதிகளைச் சேர்த்துவிடுகிறேன். ஊருக்கு வெளியே பொதுச் சாலையில் வேக வரம்பு ஆஸ்திரியாவில் 100, இத்தாலியில் 90, சுவிட்சர்லாந்தில் 80. ஊருக்குள் மூன்றிலும் 50. எல்லையைக் கடந்தவுடன் இதை மனத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். சுவிட்சர்லாந்தில் மிகை வேகம் அபராதத்தோடு முடிவதில்லை, ஓர் அளவுக்கு மேல் அது குற்றவியல் வழக்காகிறது. ஆஸ்திரியாவில் மோட்டார் சைக்கிளிலும் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் ஆஸ்திரியாவின் லெக் பள்ளத்தாக்கும் ஹான்டென்யோக் கணவாயும் உங்களை ஈர்க்கலாம். அந்த ராய்ட்டே வட்டாரத்தில் 2020 கோடையிலிருந்து, பதிவுச் சான்றில் நிலை இரைச்சல் (வண்டி நிற்கும்போது அளக்கப்படும் இரைச்சல்) 95 டெசிபெலுக்கு மேல் குறிக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் கோடை மாதங்களில் குறிப்பிட்ட சாலைகளில் நுழையத் தடை உள்ளது. சான்றில் 'யு.1' என்ற கட்டத்தில் அந்த எண்ணைக் காணலாம். மலைக்கிராம மக்கள் வார இறுதி முழுவதும் இரைச்சலைத் தாங்கி வாழ்ந்ததன் விளைவு இது, அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

சுவிட்சர்லாந்தில் நீல நிறப் பலகையில் மஞ்சள் அஞ்சல் கொம்பு வரைந்திருந்தால் அது மலை அஞ்சல் சாலை. அங்கே மஞ்சள் அஞ்சல் பேருந்தின் ஓட்டுநர் காட்டும் சைகைக்குக் கட்டுப்பட வேண்டும். குருட்டு வளைவுகளுக்கு முன் அந்தப் பேருந்து மூன்று சுரங்கள் கொண்ட ஒலியை எழுப்பும். அது காதில் விழுந்தால் வேகத்தைக் குறைத்து ஓரமாக ஒதுங்குங்கள்.

கொல்லிமலைப் பயணி:

அனைவரின் சொல்லையும் கருத்தில் கொண்டு, செப்டம்பர் முதல் பாதியை முன்னிட்டுத் திட்டத்தைப் புதிதாக எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

முதல் நாள் மியூனிக், தெகெர்ன் ஏரி, ஆக்கன் கணவாய், சில்லர் பள்ளத்தாக்கு, கெர்லோஸ் சுங்கச்சாலை வழியாகக் கிராஸ்குளோக்னர் அடிவாரம், 200 கி.மீ.யைச் சற்றுத் தாண்டும், வளைவுகள் அகலமானவை என்பதால் வலப்பக்கம் பழகுவதற்கு ஏற்றது. இரண்டாம் நாள் காலையிலேயே கிராஸ்குளோக்னர் சாலையில் ஏறி, பாஸ்டர்சே பனியாற்றைப் பார்த்துவிட்டு, லியன்ஸ், கொர்தினா, ஃபால்சரேகோ வழியாகக் கொர்வாரா. மூன்றாம் நாள் பெட்டிகள் இல்லாமல் நான்கு கணவாய்ச் சுற்று. நான்காம் நாள் செல்லா, கரேர், பொல்சானோ, மெண்டல், கம்பென் வழியாக ஸ்டெல்வியோ அடிவாரத்தில் உள்ள பிராட். ஐந்தாம் நாள் ஸ்டெல்வியோ ஏறி, உச்சியிலிருந்து சற்று இறங்கி உம்பிரெய்ல் வழியாகச் சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்து, ஓஃபென், ஃபுளுவேலா, ஓபராள்ப் கணவாய்களைக் கடந்து அந்தர்மாட். ஆறாம் நாள் சுஸ்டன், கிரிம்செல், ஃபுர்கா சுற்று. ஏழாம் நாள் கிளவுசன் கணவாய், பிறகு விரைவுச்சாலையில் மியூனிக்.

சூரிச் வாசி:

இது நல்ல திட்டம். ஐந்தாம் நாள் மட்டும் கனமானது. பிராட்டிலிருந்து ஸ்டெல்வியோ உச்சிக்கு 48 எண்ணிட்ட கொண்டை ஊசி வளைவுகள். கீழே 48 என்று தொடங்கி மேலே ஒன்றில் முடியும். ஏறக்குறைய 1,840 மீற்றர் ஏற்றம். 1820 முதல் 1825 வரை கட்டப்பட்ட அந்தச் சாலையின் வளைவு அளவுகள் குதிரை வண்டிக் காலத்தவை, அதனால் அங்கே உங்கள் தோள்கள் களைத்துவிடும். அதன் பின்னும் மூன்று கணவாய்களைக் கடந்து மொத்தம் 250 கிலோமீற்றர் ஓட வேண்டியிருக்கிறது. ஓபராள்ப்பை மறுநாள் காலைக்கு விட்டுவிட்டு டிசென்டிஸ் ஊரில் தங்கலாமே?

மியூனிக் சாலை:

இதில் நான் சற்று மாறுபடுகிறேன். டிசென்டிஸில் தங்கினால் அந்தர்மாட்டின் இரண்டு இரவுகளில் ஒன்று போய்விடும், ஆறாம் நாள் பெட்டிகளோடு மூன்று கணவாய்களைச் சுற்ற நேரிடும். பிராட்டிலிருந்து காலை ஏழரைக்கே புறப்பட்டால் ஸ்டெல்வியோவில் நெரிசலும் இருக்காது, மாலை ஆறுக்குள் அந்தர்மாட்டை அடைந்துவிடலாம். அந்தர்மாட்டில் இரண்டு இரவுகளுக்கும் அறை பதிவு செய்யுங்கள். டிசென்டிஸை மாற்று ஏற்பாடாக மனத்தில் வையுங்கள். மாலை நான்கு மணிக்குள், டிசென்டிஸுக்கு முன்னால் வரும் இலான்ஸ் ஊரைத் தாண்டவில்லை என்றால் டிசென்டிஸிலேயே நின்றுவிடுங்கள். ஒருவர் களைத்துவிட்டதாகச் சொன்னால் மற்றவர் மறுப்பின்றி ஏற்க வேண்டும் என்றும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கிராஸ்குளோக்னரில் ஒன்று கவனியுங்கள். எடல்வைஸ் சிகரத்துக்கு ஏறும் கிளைச்சாலை 2,571 மீட்டர் வரை செல்கிறது, ஆனால் அது கல் பாவிய குறுகிய சாலை. முந்தைய நாள்தான் வலப்பக்க வளைவுகளைத் தொடங்கியிருப்பீர்கள் என்பதால், ஈரமாக இருந்தால் கீழே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். காட்சி அதற்குத் தகுதியானது.

கொல்லிமலைப் பயணி:

ஏற்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி. சுங்கக் கட்டணங்களுக்கும், விரைவுச்சாலையைப் பயன்படுத்த வாங்க வேண்டிய சாலை வில்லைகளுக்கும் என்ன ஏற்பாடு? பனியால் கணவாய் மூடினால் ஐந்தாம் நாளுக்கு மாற்று வழி உண்டா?

சூரிச் வாசி:

உங்கள் வழியில் கெர்லோஸும் கிராஸ்குளோக்னரும் கட்டணச் சாலைகள், வாயிலிலேயே செலுத்தலாம். சுவிஸ் கணவாய்களுக்குக் கட்டணம் இல்லை. விரைவுச்சாலைக்கு மட்டும் 40 பிராங்க் ஆண்டு வில்லை தேவை. அதை 2023 முதல் இணையத்திலும் வாங்கலாம். ஏழாம் நாள் கிளவுசனுக்குப் பிறகு அது வேண்டியிருக்கும், அதனால் முன்பே வாங்கிவிடுங்கள். ஆஸ்திரியாவில் முதல் இரு நாள் விரைவுச்சாலையைத் தொடுவதே இல்லை. கடைசி நாள் பிரெகென்ஸ் அருகே நீங்கள் கடக்கும் பகுதி, ஹோஹெனெம்ஸ் முதல் ஜேர்மனி எல்லை வரை, வில்லையிலிருந்து விலக்கப்பட்டது.

ஸ்டெல்வியோ மூடப்பட்டிருந்தால் பிராட்டிலிருந்து குளூர்ன்ஸ், மூஸ்டைர் வழியாகப் பள்ளத்தாக்கிலேயே சாந்தா மரியாவை அடைந்து ஓஃபென் கணவாயில் ஏறலாம். ஓஃபென் 2,149 மீற்றர்தான், குளிர்காலத்திலும் பொதுவாகத் திறந்திருக்கும். ஃபுளுவேலா மூடினால் செர்னெசுக்கு அப்பால் சாக்லியான்ஸில் வெரைனா குடைவழி ரயில் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கிளோஸ்டர்ஸ் அருகே இறக்கிவிடும். ஓபராள்ப்பும் மூடினால் அன்றிரவு டிசென்டிஸ்தான். புறப்படுவதற்கு முந்தைய மாலையிலும் அன்று காலையிலும் சுவிஸ் வாகனச் சங்கமான டி.சி.எஸ்ஸின் தளத்தில் கணவாய் நிலவரத்தைப் பாருங்கள். அறைகளை இரத்துச் செய்யக்கூடிய முறையிலேயே பதிவு செய்யுங்கள்.